பூமாலைக்கு அடியில் யார்? ஹவாய்ப் படங்களைப் பார்க்க ஓர் எளிய அறிமுகம்

1937இல் ஹவாயின் ஹொனலுலு நகரில் ஒரு நடன நிகழ்ச்சி ஆரம்பமானது. அதைத் தொடங்கியது நடனப் பள்ளி அல்ல, கேமரா ஃபிலிம் விற்கும் கோடாக் நிறுவனம். கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு ஹூலா என்ற ஹவாய் மக்களின் ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்ப ஆசை. ஆனால் ஹூலா நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ராத்திரியில் நடந்தன. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது. படம் விழாவிட்டால் ஃபிலிம் எப்படி விற்கும்? அங்கே கோடாக்கின் மேலாளராக இருந்த ஃப்ரிட்ஸ் ஹெர்மன், பகல் வெயிலில் ஹூலா ஆட ஏற்பாடு செய்தார். சூரியன் பார்வையாளர்களுக்கு முதுகுப்பக்கம் இருக்கும்படி இருக்கைகளைப் போட்டார்கள். நடனப் பெண்கள் ஹவாய் என்ற சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். கிளிக், கிளிக். 2002 வரை இது நடந்தது.

சூரியன் பார்ப்பவருக்கு முதுகில் என்றால், ஆடுபவருக்கு அது கண்ணில்.

ஹவாயின் பூர்வீக வேர் கொண்ட புகைப்படக் கலைஞர்கள் சிலர் இந்த விஷயத்தைத்தான் பல கோணங்களில் படமாக்கிவருகிறார்கள். அந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு குரல்களைக் கேட்கிறேன். ஒன்று, 'அடடா, என்ன அழகு'. இன்னொன்று, 'கடற்கரையைக் காட்டினாலும் காலனியமா? எல்லாவற்றிலும் அரசியல்'. சுற்றுலா, காலனியம், கலைப் புகைப்படம் என்ற மூன்று சொற்களையும் நாம் பொத்தாம்பொதுவாகப் புழங்குவதால் வரும் குழப்பம் இது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கல்யாண ஆல்பம் பொய் சொல்லுமா?

ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள எந்தப் படமும் பொய்யில்லை. மாப்பிள்ளை சிரித்தது நிஜம், பந்தியில் இலை விழுந்தது நிஜம். ஆனாலும் ஆல்பத்தை மட்டும் புரட்டிவிட்டு, 'இந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்படியில் நின்ற சமையல்காரர் அதில் இல்லை. மண்டபத்துக்கு வாங்கிய கடன் இல்லை. கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற பெரியப்பா இல்லை. எது சட்டகத்துக்குள் வரவேண்டும் என்பதை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்த ஆல்பத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்து அந்த வீட்டுக்கு வருகிறார்கள். 'ஆல்பத்தில் சிரித்தீர்களே, அதே மாதிரி ஒருமுறை சிரியுங்கள்' என்கிறார்கள். காசும் கொடுக்கிறார்கள். வீட்டில் வேறு வருமானம் குறைவு. சிரிக்க மாட்டார்களா? நாளாக ஆக, வீட்டுக் குழந்தைகளுக்கே சிரிப்பு எது, ஆல்பச் சிரிப்பு எது என்று குழம்பிப்போகும்.

இப்படி, முன்னமே பார்த்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்ப்பதையும், ஊர் அந்தப் படத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதையும் சமூகவியலில் 'சுற்றுலாப் பார்வை' என்கிறார்கள். இதில் பயணி கெட்டவர் என்ற பொருள் இல்லை. அது ஒரு சுழற்சியின் பெயர். அஞ்சலட்டைப் படம் ஆளை அழைத்து வருகிறது. வந்தவர் அதே காட்சியைத் தேடுகிறார். ஹோட்டல் அதை மேடையேற்றுகிறது. அவர் எடுத்துப்போகும் படம் அடுத்தவரை அழைத்து வருகிறது.

சுருக்கமாக: படம் உண்மையாக இருக்கும்போதே ஆளை ஏமாற்றவும் முடியும். வெட்டி எறிந்த ஓரங்களில்தான் மீதிக் கதை கிடக்கும்.

ஒரு நாடு மாநிலமான கதை

'ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாநிலம்தானே, அதில் எங்கே காலனி வந்தது?' என்பது நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1778இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்தபோது இந்தத் தீவுகளில் தனி மொழி, தனி அரச மரபுகள், நீர்ப்பாசனம், மீன் வளர்ப்புக் குளங்கள் எல்லாம் இருந்தன. சில பத்தாண்டுகளில் எல்லாத் தீவுகளும் ஒரே அரசரின் கீழ் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஹவாய் ஒரு நாடாகவே பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்தது. மன்னர் கலாகௌவாவின் இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தபோது அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் இன்னும் மின்சாரம் இல்லை. ஓலைக் குடிசையும் தென்னை மரமும் மட்டுமே ஹவாய் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆட்சி போவதற்கு முன் நிலம் போனது. 1848க்கு முன் அங்கே நிலத்தை விற்பது வாங்குவது என்ற வழக்கமே கிடையாது. அந்த ஆண்டு தொடங்கிய நிலப் பங்கீடும், வெளிநாட்டாரும் நிலம் வாங்கலாம் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டமும் கரும்புத் தோட்டங்களுக்குக் கதவைத் திறந்தன. 1875இல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சர்க்கரைக்கு அங்கே தீர்வை இல்லாமல் போனது. தோட்ட முதலாளிகள் கொழுத்தார்கள். இதற்கிடையில் கப்பல்களோடு வந்த நோய்கள் பூர்வீக மக்களை வாரிக்கொண்டு போயின. 1890 கணக்கெடுப்பில் கலப்பு வம்சத்தவரையும் சேர்த்து ஏறக்குறைய 40,000 பேர்தான் எஞ்சியிருந்தார்கள்.

1887இல் ஆயுத மிரட்டலின் பேரில் மன்னரின் அதிகாரத்தைப் பறிக்கும் அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டியின் பெயரால் அதை இன்றும் 'பயனெட் சட்டம்' என்கிறார்கள். அவருக்குப்பின் வந்த ராணி லிலியுவோகலானி அதை மாற்ற முயன்றார். 1893 ஜனவரி 16 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து படை வீரர்கள் கரையிறங்கினார்கள். மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. 1895இல் ராணியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள். 1897இல் அமெரிக்காவோடு சேர்க்கக்கூடாது என்று பூர்வீக மக்களில் 21,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 40,000 பேரில் 21,000 என்பதை யோசித்துப் பாருங்கள். அப்படியும் 1898இல் இணைப்பு நடந்தது. 1959இல் மாநிலமானது. கவிழ்ப்பில் தங்கள் பங்குக்காக அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது, நூறு ஆண்டு கழித்து, 1993இல்.

'காலனிய எச்சம்' என்பது இதுதான்: ஆட்சி பிடித்த கதை முடிந்த பிறகும், நிலம் யார் கையில், பள்ளியில் எந்த மொழி, ஊரைப் பற்றிக் கதை சொல்வது யார் என்பதில் அந்தப் பழைய ஏற்பாடு தொடர்வது. ஒரு சின்ன உதாரணம், மொழி. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிக்கூடப் பயிற்று மொழியாக்கியது. ஹவாய் மொழி மறுபடி ஆட்சிமொழித் தகுதி பெற்றது 1978இல். இடையில் 80 ஆண்டுகள். பாட்டி பேசுவது பேத்திக்குப் புரியாமல் போக அதில் பாதிக் காலமே போதும்.

ஒரு சொல் விளக்கமும் இங்கேயே. கலிஃபோர்னியாவில் வாழ்பவரைக் கலிஃபோர்னியர் என்பதுபோல் ஹவாயில் வாழ்பவரையெல்லாம் ஹவாயர் என்று சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் ஏற்பதில்லை. அங்கே அந்தச் சொல் பூர்வீக மக்களை மட்டுமே குறிக்கும். அவர்கள் தங்கள் மொழியில் தங்களைச் சொல்லிக்கொள்வது 'கானகா மாவோலி'.

சர்க்கரைக் கப்பலில் வந்த சுற்றுலா

சுற்றுலாவும் காலனியமும் இரண்டு தனிக் கதைகள் போலத் தோன்றும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே கதை. கரும்புத் தோட்டங்களை ஆட்டிவைத்த ஐந்து பெரிய வணிக நிறுவனங்களை அங்கே 'பெரிய ஐவர்' என்பார்கள். அவர்களோடு நெருங்கிய தொடர்புடைய மேட்சன் கப்பல் கம்பெனி சர்க்கரையைச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏற்றிச் சென்றது. அதே கம்பெனி பிறகு ஆடம்பரப் பயணிக் கப்பல்களை விட்டது. வருகிறவர்கள் தங்க வேண்டுமே? 1927இல் வைகீகீ கடற்கரையில் ராயல் ஹவாயியன் என்ற இளஞ்சிவப்பு ஹோட்டல் எழுந்தது. அரச குடும்பம் வாழ்ந்த தோப்பு அது. ஹோட்டலின் பெயரில் மட்டும் ராஜ மரியாதை.

வைகீகீயைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். இன்று உலகமே அறிந்த அந்தக் கடற்கரைக்குப் பின்னால் ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் மீன் குளங்களும் சேப்பங்கிழங்கு வயல்களும் இருந்தன. 1920களில் அலா வாய் என்ற கால்வாயை வெட்டி, நீரை வடியவைத்து, மேடாக்கி, கட்டட மனைகளாக்கினார்கள். சேப்பங்கிழங்கு போனால் போகட்டும் என்று நமக்குத் தோன்றலாம். ஹவாய் மக்களின் வம்சக் கதையில் சேப்பஞ்செடி மனிதனுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடுவான், தம்பி அவனைப் பார்த்துக்கொள்வான் என்பது உறவு. எந்த அஞ்சலட்டையிலும் அந்த அண்ணன் இல்லை.

ஜெட் விமானம் வந்ததும் கூட்டம் பெருகியது. 1959இல் வந்த பயணிகள் ஏறக்குறைய 2.4 லட்சம். 2019இல் ஒரு கோடிக்கும் மேல். அங்கே வசிப்பவர்களோ 14 லட்சத்துச் சொச்சம்.

இவ்வளவு பேருக்கு விற்க எளிய அடையாளங்கள் வேண்டும். அப்படி விற்றவற்றில் பல, பழைய ஹவாயைச் சேர்ந்தவையே அல்ல. ஹூலாப் பெண் என்றதும் வரும் புல் பாவாடை கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களோடு வந்தது; ஹவாய் மக்கள் உடுத்தியது மரப்பட்டையைத் தட்டித் தட்டி மெல்லியதாக்கிச் செய்த 'கபா' துணியையும் இலைகளையும். யுகுலேலி என்ற சின்னத் தந்திக் கருவி போர்த்துகீசியத் தீவான மதெய்ராவின் சிறு கிதாரிலிருந்து பிறந்தது. மாலையில் கோக்கிற அந்த மணக்கும் பூ அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. (நம் கோயில் வாசல்களில் ஈழத்தலரி என்று நிற்கும் அதே மரந்தான்.) அன்னாசியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது.

அன்னாசி பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. 1939இல் ஹவாயில் அன்னாசி விற்ற ஒரு கம்பெனி, விளம்பரத்துக்காக ஜார்ஜியா ஓ'கீஃப் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியரை ஹவாய்க்கு அனுப்பியது. அவர் பூக்களை வரைந்தார், அருவிகளை வரைந்தார், அன்னாசியைத்தான் வரையவில்லை. கடைசியில் கம்பெனி ஓர் அன்னாசிச் செடியை விமானத்தில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பிவைத்து அங்கே வரையச் செய்தது. ஹவாயின் சின்னம் என்று உலகம் பார்த்த ஓவியம் நியூயார்க் வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்தது!

சுருக்கமாக: நிலத்தை வளைத்த அதே பண வட்டம்தான் கப்பலையும் விட்டது, ஹோட்டலையும் கட்டியது, அடையாளங்களையும் தேர்ந்தெடுத்தது. எது ஹவாய் என்று முடிவு செய்த மேசையில் ஹவாய் மக்களுக்கு நாற்காலி இல்லை.

கலைப் புகைப்படம் இதில் என்ன செய்கிறது?

செய்திப் புகைப்படக்காரர் நடந்ததைப் பிடிக்கிறார். விளம்பரப் புகைப்படக்காரர் விற்கவேண்டியதைப் பிடிக்கிறார். கலைப் புகைப்படக்காரர் ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு அதற்காகப் படத்தை உருவாக்குகிறார். அதனால்தான் அவர்கள் ஒற்றைப் படமாக அல்லாமல் 'தொடர்' ஆக வேலை செய்வார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் படங்களின் வரிசை அது.

சில தொடர்களில் காட்சியையே கலைஞர் ஜோடிப்பார். நம் பழைய ஸ்டூடியோக்களில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் மோட்டார் பைக்கில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்களே, அந்த வகை. இதற்குப் பெயர் 'அரங்கமைத்த புகைப்படம்'. வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்டூடியோக்காரர் திரையை நம்பவைக்கப் பார்ப்பார். கலைஞர் 'இது திரை' என்று நீங்கள் கவனிக்கவேண்டும் என்று நினைப்பார்.

கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கும், ஹவாய் வம்சத்தைச் சேர்ந்த அட்ரியன் பாவோ இந்த வழியில் 2000களில் ஒரு தொடர் செய்தார். பெயர் 'ஹவாயியன் கவர்-அப்ஸ்'. பூமாலைகளைப் போல, ஹவாய் என்றதும் மற்றவர்கள் நினைவுக்கு வரும் பொருள்களால் தன் உடலையே மூடிக்கொண்டு நிலக்காட்சிக்குள் இருக்கிறார். மாதிரியும் அவரே, படைப்பாளியும் அவரே.

தலைப்பிலேயே சிலேடை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நீச்சலுடைக்கு மேல் போர்த்தும் மெல்லிய உடையையும் குறிக்கும், நடந்ததை வெளியே தெரியாமல் அமுக்குவதையும் குறிக்கும். தமிழில் நமக்கு 'மூடி மறைப்பது' இருக்கிறது. இரண்டையும் அப்படியே தாங்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வோமே, அதேபோல ஒரு முழு ஆளைப் பூவில் மறைத்துக் காட்டுகிறார். முதல் பார்வையில் நிறமும் வெளிச்சமும் சுற்றுலா விளம்பரம் போல ஈர்க்கும். இரண்டாவது பார்வையில் அடியில் ஓர் உடல் இருப்பது உறைக்கும். மாலை என்பது வரவேற்பா, பாரமா? எனக்கு அந்தப் படங்கள் கபாத் துணியையும் நினைவூட்டுகின்றன: ஒரு காலத்தில் தாங்களே தட்டிச் செய்து போர்த்திக்கொண்டவர்கள், இப்போது பிறர் கேட்டதைப் போர்த்திக்கொள்கிறார்கள்.

அவர் அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்துகொண்டு ஹவாயைப் பற்றிப் பேசலாமா என்ற முணுமுணுப்பு வரக்கூடும். 2020 கணக்கெடுப்பின்படி பூர்வீக ஹவாய் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியேதான் வாழ்கிறார்கள். வீட்டு விலையும் வாடகையும் அவர்களை வெளியே தள்ளுகின்றன. ஊரை அஞ்சலட்டை வழியாகப் பார்க்கவேண்டிய நிலை பயணிக்கு மட்டும் வரவில்லை. ஊர்க்காரரின் பேரப்பிள்ளைக்கும் வந்திருக்கிறது. அந்தத் தவிப்பிலிருந்து எழும் படங்களுக்குத் தனி எடை உண்டு என்றே நினைக்கிறேன்.

நேர் எதிரான வழியில் போனவர் கபுலானி லாண்ட்கிராஃப். ஓவாஹு தீவில் வாழும் கானகா மாவோலி கலைஞர். அவரும் மார்க் ஹமசாகியும் 'பிலியாமோஓ' என்ற கூட்டுப் பெயரில், எச்-3 நெடுஞ்சாலை போடுவதைப் பல ஆண்டுகள் கருப்பு வெள்ளையில் ஆவணமாக்கினார்கள். மலையைக் குடைந்து, பழைய வழிபாட்டிடங்களும் வயல் படிக்கட்டுகளும் இருந்த பள்ளத்தாக்குகள் வழியாக, இரண்டு ராணுவத் தளங்களை இணைத்துக்கொண்டு போன அந்தச் சாலை 1997இல் திறந்தது. சுமார் 25 கிலோமீட்டருக்கு 130 கோடி டாலர். இன்று அதில் காரில் போகிறவர்கள் 'என்ன அழகான சாலை' என்கிறார்கள், உண்மையிலேயே அழகுதான். அந்த அழகு எதன் மேல் ஏறி நிற்கிறது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

லாண்ட்கிராஃபின் இன்னொரு படைப்பு 2019இல் ஹொனலுலு கலை விழாவில் வந்தது. பெயர் 'அவுஆ', விட்டுக்கொடுக்க மறுப்பது என்று பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட ஹவாய் மக்களின் முகங்கள். முகத்தின் மேலேயே எழுத்து: 'நாங்கள் அமெரிக்கர்கள் அல்ல'. 1993இல், ஆட்சிக் கவிழ்ப்பின் நூற்றாண்டு நாளில், அரண்மனை முன் பூர்வீக மக்களின் உரிமைப் போராளி ஹௌனானி-கே ட்ராஸ்க் முழங்கிய சொற்கள் அவை. அதில் யாரும் யாருக்காகவும் சிரித்துக் காட்டவில்லை.

சுருக்கமாக: பாவோ சுற்றுலாப் படத்தின் உடையை அணிந்துகொண்டே அதைக் கேலி செய்கிறார். லாண்ட்கிராஃப் அந்த உடையைத் தொடவே மறுக்கிறார்.

'அப்படியானால் ஹவாய்க்குப் போகவே கூடாதா?'

இந்தப் படங்கள் அப்படிக் கட்டளை எதுவும் இடவில்லை. அங்கேயே இதுபற்றி ஒரே கருத்து கிடையாது. சுற்றுலாவால்தான் அடுப்பு எரிகிறது என்பவர்களும் பூர்வீக மக்களில் உண்டு. கோடாக் நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் ஆடிய பெண்கள் வெறும் பொம்மைகள் என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. சம்பளத்துக்கு ஆடும்போதும் கலையைக் கட்டிக் காத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். இதை மறந்துவிட்டுச் சுற்றுலா என்றாலே சாபம் கொடுக்கும் எழுத்தும் இன்னொரு வகை அஞ்சலட்டைதான்.

ஹூலா வெறும் இடுப்பாட்டம் என்ற நினைப்பு மட்டும் போகவேண்டும். எழுத்து வராத காலத்தில் வம்சமும் வரலாறும் தெய்வக் கதையும் பாட்டிலும் கை அசைவிலும்தான் தங்கின. ஹூலாவில் பாட்டுதான் முதல், ஆட்டம் அதற்குப் பிறகு. மிஷனரிகளின் தாக்கத்தில் 1830இல் பொது இடங்களில் அதைத் தடை செய்தார்கள். 1883இல் தன் முடிசூட்டு விழாவில் அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் மன்னர் கலாகௌவா. கேளிக்கை மன்னர் என்று அவரைப் பழித்த பட்டப்பெயரையே பெருமையாக எடுத்துக்கொண்டு ஹீலோ நகரில் ஒவ்வோர் ஆண்டும் மெர்ரி மோனார்க் விழா நடக்கிறது. அங்கே மேடையேற மாதக்கணக்கில் பாட்டின் பொருளைப் படித்துவிட்டு வருகிறார்கள். அரங்கு நிறைய உள்ளூர்க் கூட்டம்.

அந்தப் போட்டிகள் கூரை போட்ட அரங்கில், மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்கி ராத்திரி வரை நடக்கும். வெயில் எந்தப் பக்கம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.